முட்டிக்கடியில் ஒரு பழைய துணி

கீழ்ச்சுவரைத் தேய்க்க வேண்டுமென்றால் முட்டி போட்டுத்தான் ஆகவேண்டும். அவள் உப்புத்தாளை மடித்துப் பிடித்து, பட்டி பூசிய இடத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருவம் வரைக்கும் வெள்ளைத் தூள். முட்டிக்கு மெத்தென்று ஒரு பழைய துணியை நாலாக மடித்துப் போட்டிருந்தும் ஏதோ உறுத்தியது. பொத்தானாக இருக்கும் என்று கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

ஏணிமேல் நின்று அவள் புருஷன் உருளையால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாது என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் முதலில் கேட்பது தண்ணீர் இல்லை, பழைய துணி. தரையில் விரிக்க, சொட்டுத் துடைக்க, கை துடைக்க அது வேண்டும். இந்த வீட்டு ஐயாவும் காலையில் ஒரு மூட்டை கொடுத்திருந்தார்.

"கொஞ்சம் உக்காரேன்டி. சுவரு எங்கயும் ஓடிப்போயிடாது."

"நான் உக்காந்தா யாரு தேய்ப்பா? உங்க வாயா?"

அவன் பதில் சொல்வதற்குள் வீட்டு அம்மா அறைவாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அலமாரியில இருந்த என் செயினைக் காணோம்."

"வேற எங்கயாவது வெச்சிருப்பீங்கம்மா. நல்லாப் பாருங்க" என்றான் ரேடியோ ஏணிமேல் இருந்தே.

"எல்லாம் பாத்தாச்சு. உங்க ரெண்டு பேரைத் தவிர இந்த ரூமுக்குள்ள யாரு வந்தா?"

ரேடியோ இறங்கி வந்தான். பையைக் கொட்டிக் காட்டினான். சோற்று டப்பாவைத் திறந்தான். பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டான். அம்மா அத்தோடு விடவில்லை. அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, உடுத்தியிருந்ததை உதறச் சொன்னாள். பிறகு, "கொண்டைய அவிழு" என்றாள். அவிழ்த்ததும் பட்டித்தூள் தரையெல்லாம் கொட்டியது. போவதற்கு முன் அதைக் கழுவிவிடச் சொன்னாள் அம்மா.

பெயின்ட் வேலை என்பது ஊரான் படுக்கையறைக்குள் நின்று செய்கிற வேலை. ஒரு முறை கை நீளம் என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் எவன் கதவைத் திறப்பான்? சாயங்காலத்துக்குள் மேஸ்திரி காதுக்குப் போய்விடும். நாளை முதல் இரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

திரும்பி வந்தபோது ரேடியோ ஏணியின் கடைசிப் படியில் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருந்து அவள் பார்த்தது தூக்கத்தில்தான். அப்போதும் குறட்டையாவது இருக்கும். சும்மா நிற்கப் பயந்து அவள் மறுபடி முட்டி போட்டுச் சுவரைத் தேய்த்தாள்.

ஐயா கையில் போனோடு வந்தார். "போலீஸுக்குச் சொல்லிடறேன். அலமாரியில எந்த இடத்துலன்னு கேப்பாங்க. சரியா எங்க வெச்ச?"

அம்மா இவர்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேலைக்கு ஆளுங்க வர்றாங்களேன்னு நேத்தே ஒளிச்சு வெச்சேன். கீழ்த்தட்டுல, உங்க பழைய பழுப்பு பேன்ட் பாக்கெட்டுக்குள்ள. அதை எவன் தொடப்போறான்னு..."

போன் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. ஐயாவின் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். அது அவளுடைய முட்டிதான். அதற்கடியில், தூள் படிந்து, நாலாக மடித்த பழுப்புத் துணி.

நான் கொடுக்கவில்லை என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அவள் அவர் வாயையே பார்த்தாள். ஐயா தொண்டையைச் செருமினார்.

"நான்தான் காலையில எடுத்துக் குடுத்தேன்."

அப்பாடா என்று அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா பாய்ந்து வந்து பேன்ட்டை உதறினாள். செயின் தரையில் விழுந்தது.

"நல்லவேளைம்மா," ரேடியோவுக்கு உயிர் வந்துவிட்டது. "அதைக் கிழிச்சுத் துடைக்கிற துணி ஆக்கலாம்னுதான் இருந்தேன். முட்டி வலிக்குதுன்னு இவ பிடுங்கிக்கிட்டா. செயினு தப்பிச்சுது!"

"கேக்காம கொள்ளாம எதையும் தூக்கிக் குடுக்காதீங்க" என்று அம்மா கடிந்துகொண்டது ஐயாவைத்தான். செயினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "சரி, வேலையப் பாருங்க" என்று போய்விட்டாள். சற்று நேரத்தில் இரண்டு டம்ளர் டீ வந்தது.

டீ குடிக்கும்போது அவள் முட்டியைப் பார்த்தாள். செயினின் கண்ணிகள் வரிசையாகப் பதிந்து சிவந்திருந்தன. "பாருங்க, நானும் நகை போட்டுட்டேன்" என்று காட்டினாள். ரேடியோ சிரித்ததில் டீ புரையேறியது. அதற்குப் பிறகு அவன் வாயை மூடவே இல்லை. இன்றைக்கு எவ்வளவு பேசினாலும் பேசட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். நாளைக்கும் வேலை இருக்கிறது. அது போதும், வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் கை கால் கழுவி, பேசிக்கொண்டே கிளம்பினார்கள். வாசலில் அம்மா நின்றிருந்தாள். ரேடியோ பாதிப் பேச்சில் நின்றான். யாரும் கேட்கவில்லை. பையை இறக்கி வைத்து, டப்பாவைத் திறந்து, அம்மா பக்கமாகச் சாய்த்துக் காட்டினான்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்குப்பா" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

ரேடியோவுக்குப் பின்னால் நின்றிருந்த அவள் கை தானாகப் போய்க் கொண்டையை அவிழ்த்தது.