கொடுக்கக் கூடாத வாக்கு

வீட்டுப் பிரசவம் பார்க்கிறவள் ஒரே ஒரு வாக்கை மட்டும் கொடுக்கக் கூடாது. பதினாறு வருஷமாக இதே வேலையில் இருக்கும் மருத்துவச்சிக்கு அது தெரியாததா? ஆனாலும் ஏழாம் மாதத்தில் அந்தப் பெண் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் தொடையில் அறைந்ததையும், கேட்காமல் கத்தரித்ததையும், மரத்துப்போகும் முன்பே தைத்ததையும் சொல்லி அழுதபோது வாய் முந்திக்கொண்டது.

"ஆஸ்பத்திரி வாசலையே நீ மிதிக்க வேண்டாம். நான் இருக்கேன்."

இப்போது பகல் பதினொன்றரை. பெண் நாற்காலி முதுகைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். நாத்தனார் அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எங்கண்ணன் மாடியில நடக்கிற நடையைப் பாத்தா அவனுக்குத்தான் முதல்ல பொறக்கும் போல."

பெண் சிரித்தாள். அடுத்த வலி அந்தச் சிரிப்பைத் தின்றது.

வலி அடங்கியதும் மருத்துவச்சி, "வயித்துல வைக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுக் கருவியை வைத்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு தொண்ணூறு. நூற்றுப்பத்துக்கு மேல் ஏற வேண்டியது ஏறவில்லை. இடப்பக்கமாகப் படுக்க வைத்தாள். அடுத்த வலிக்குப் பிறகு எண்பது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்ததால் விரிப்பில் நீர் பச்சையாகப் பரவியது.

"உங்கண்ணனை வண்டியை வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லு" என்றாள் நாத்தனாரிடம். ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டாள்.

"எதுக்கு சிஸ்டர் வண்டி?" என்றாள் பெண்.

"குழந்தைக்கு மூச்சு முட்டுது. போகணும்."

"போக வேண்டாம்னீங்க."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"வர மாட்டேன்."

"உன்னை இழுத்துட்டுப் போக மாட்டேன். ஆனா இங்கேயே இருந்தா குழந்தை செத்துப் போகலாம். அதை மறைச்சா நானும் அந்த ஆஸ்பத்திரிக்காரங்களும் ஒண்ணு."

பெண் அவளை நெடுநேரம் பார்ப்பதுபோல் இருந்தது. நாலு நொடிகூட இருக்காது. பிறகு எழுந்துகொள்ளக் கையை நீட்டினாள். நாத்தனார் பக்கமாக.

ஆபரேஷன் அறை வாசலில் மருத்துவச்சியை நிறுத்திவிட்டார்கள். "வீட்டுல பெத்துக்க ஆசைப்பட்ட மகாராணி இவங்கதானா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பையன் நீலமாக வந்தான். பிழைத்தான். கைகளைக் கட்டியதையும், அறுப்பதாக ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாததையும் பிற்பாடு, பெண் வாயால் கேட்ட நாத்தனார் சொல்லித்தான் மருத்துவச்சிக்குத் தெரியும்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். பெண் கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தையலைப் பாக்கலாமாம்மா?"

"வேணாம்னா போயிடுவீங்களா?"

"போயிடுவேன்."

"அப்ப போங்க."

நாத்தனார் வாயைத் திறந்தாள். மருத்துவச்சி தலையசைத்து அவளை அடக்கினாள். பையை மூடிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"காய்ச்சல் வந்தாலோ, தையல்ல சீழ் வச்சாலோ, நாத்தம் அடிச்சாலோ, ரத்தம் அதிகமாப் போனாலோ எந்த நேரமானாலும் கூப்பிடு. என்னை வேண்டாம்னா வேற யாரையாவது கூப்பிடு."

பெண் பிள்ளையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள். தையலைப் பார்க்காமல் விட்ட பயத்தோடு மருத்துவச்சி படியிறங்கினாள்.