தைப்பூசத்து நெஞ்சுவலி

சவவண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிப் புவனேஸ் கை காட்டிக்கொண்டிருந்தான். தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்கு நடுவே அந்தக் கண்ணாடி வண்டி நுழைவதாக இல்லை. வாசலில் நின்ற அவன் அக்கா யோகேஸ்வரிக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்பாவின் சாவுக்காக, கோலாலம்பூரில் அவள் வேலை பார்க்கும் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியது. ஊழியரின் அப்பா அம்மா இறந்தால் வண்டி, மலர்வளையம் எல்லாம் கம்பெனி பொறுப்பு.

கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது. அப்பா காளியண்ணனுக்கு ஈப்போவில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது அது கொடுத்த மருத்துவ அட்டையில்தான். பக்கத்து ஊர் ரிங்லெட்டுக்கு டீ குடிக்கப் போனால்கூட மகள் வேலையைப் பற்றி அளக்காமல் அவர் திரும்பமாட்டார். "நம்ம புள்ள உள்ள இருக்குலா, ஏன் பயப்படுறீங்க?" என்ற அவர் பேச்சை நம்பித்தான் லைனில் பாதிப் பேர் பாலிசி எடுத்தார்கள். எதிர்வீட்டு நாகப்பனும் எடுத்தார்.

போன வருஷம் நாகப்பன் தேயிலை மலையில் மாரடைப்பில் செத்தார். கம்பெனி கையை விரித்துவிட்டது. எஸ்டேட் கிளினிக்கில் பழைய பதிவு இருந்ததாம்: நெஞ்சு வலி, ஒருநாள் ஓய்வு. இருந்த நோயை மறைத்துவிட்டாராம். அது தைப்பூசத்துக்கு லீவு கிடைக்காமல் சொன்ன நெஞ்சுவலி. லைனில் யார்தான் அப்படி டாக்டரிடம் எம்சி சீட்டு வாங்கி லீவு போடவில்லை? அன்றைக்குக் காவடி பார்க்கப் போன வேனில் நாகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரே அப்பாதான்.

"நான் வந்து சொல்றேம்மா. ஒங்க மேனேஜர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று அப்போதே அப்பா கேட்டார்.

"அதெல்லாம் எடுபடாதுப்பா."

எடுபடுமா என்று அவள் யாரையும் கேட்கவே இல்லை. பதவி உயர்வு வரவிருந்த நேரம். எஸ்டேட்காரர்கள் மருந்துக்கு எங்கே போவார்கள் என்று கம்பெனியின் விசாரணைக்காரன் கேட்டபோது கிளினிக்கைச் சொன்னதும் அவள்தான். நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பாவுக்குத் தோள் கொடுக்க லைனில் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்துதான் வண்டியைக் கேட்டு வாங்கினாள். ஆனால் வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். நாகப்பன் மகன் தர்மா, அவள் பக்கம் திரும்பாமல் புவனேஸிடம் சொன்னான்:

"வண்டியெல்லாம் வேணாம்லா. பெரியப்பாவ நாங்க தூக்கிக்கிறோம்."

பாடை தோள்களில் ஏறிச் சரிவில் இறங்கியது. மலர்வளையத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி பின்னால் ஊர்ந்தது.

சாவு வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தில்தான் ஆக்கிக் கொண்டுவருவார்கள். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், நாகப்பன் மனைவி திலகம் சட்டி நிறையப் பருப்புச் சோறு கொண்டுவந்தாள்.

"ரெண்டு வாயாச்சும் சாப்புடுக்கா. மாத்திர போடணும்ல" என்று அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். புவனேஸுக்குப் போட்டாள். வெளியே நின்ற வண்டிக்காரனையும் கூப்பிட்டுப் போட்டாள்.

யோகேஸ்வரி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"சின்னம்மா..."

சட்டியில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. திலகம் மூடியைப் போட்டுச் சட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். யோகேஸ்வரியைப் பிறந்த நாளிலிருந்து வாடி போடி என்றே கூப்பிட்டவள்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

யோகேஸ்வரி தட்டோடு ஒதுங்கி நின்றாள்.