பதினோராம் வளைவு

மலையில் சைக்கிள் மிதிக்க வைராக்கியம் வேண்டும் என்பார்கள். சுத்தப் பொய். வெட்கம் கெட்டிருந்தால் போதும், ஏறிவிடலாம்.

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன், வயது நாற்பத்தாறு. எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் எனக்குப் பெயர் லாரி. சத்தம் அதிகம், வேகம் கிடையாதாம். வைத்தவன் என் மனைவியின் தம்பி. அந்த மகராசனுக்குப் பெயர் இன்ஜின்.

மலை உச்சியில் இருக்கும் டவருக்குப் பதினான்கு வளைவு. நடுவில் கால் தரையில் பட்டால் ஏறியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குழுவில் ஏறாதவன் நான் ஒருவன்தான், இரண்டு வருஷமாக. இந்தத் தடவை விட்டால் சைக்கிளையே தொடமாட்டேன் என்று, இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

எடை குறையட்டும் என்று பம்பு, பூட்டு, போன் எல்லாவற்றையும் மனைவியின் காரில் போட்டேன். தண்ணீர் கேனோடு கடைசியில் வருவது அவள் வேலை. தொப்பையையும் கழற்றி வைக்க முடியாதா என்று கேட்டாள்.

மெதுவாகப் போகிறவனுக்கு அரைமணி முன்னால் கிளம்பும் சலுகை உண்டு. அப்படியும் மூன்றாம் வளைவிலேயே இன்ஜின் என்னைத் தாண்டினான். டவர் எங்கேயும் ஓடிப்போய்விடாது, மெதுவாகவே வரலாம் என்று கிண்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோராம் வளைவு. நாக்கு தள்ளிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், இன்ஜின் ஜல்லியில் வழுக்கி விழுந்து கிடக்கிறான். மணிக்கட்டு கோணலாக இருந்தது. நல்ல கையைத் தூக்கினான்.

"அத்தான், கொஞ்சம் நில்லுங்க."

நின்றால் கால் வைக்கணும். வைத்தால் எல்லாம் போச்சு. கைதானே, உயிரா போகிறது, பின்னாலேயே அக்கா வருகிறாளே என்று எனக்கு நானே மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்காமல் மிதித்தேன். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி விற்கிறவன் நான்.

ஏறிவிட்டேன்! கால் ஒரு இடத்திலும் படவில்லை. அழுகையே வந்தது. ஆனால் டவர் அடியில் ஈ காக்கை இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒருத்தரும் வரவில்லை. எல்லோரும் அவனுக்காக நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

இறங்கினேன். அந்த வளைவு காலியாக இருந்தது. அடிவார ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. உள்ளே மொத்தக் குழுவும் கட்டிலைச் சுற்றி நின்றது. இன்ஜினுக்கு முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. என் மனைவியின் கண் சிவந்திருந்தது.

"எங்க போனீங்க? வழியெல்லாம் தேடினேன். மேல போயிருந்தா இவனைத் தாண்டித்தானே போயிருக்கணும்?"

ஏறிவிட்டேன் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொன்னால் கூடவே மற்றதையும் சொன்னதாக ஆகும். இன்ஜின்தான் பேசினான்.

"மூணாவது வளைவுலயே அத்தான் சைக்கிளைச் சாய்ச்சுட்டு மரத்தடியில படுத்துட்டாரு அக்கா. நான் பார்த்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி பெருமூச்சு விட்டாள், கோபம் இறங்கிவிட்டது. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருந்து வாங்கப் போனாள். மற்றவர்களும் அவன் சைக்கிளைக் காரில் கட்ட வெளியே போனார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மெல்லக் கேட்டேன்.

"நிஜத்தைச் சொன்னா அக்கா உங்களை மன்னிக்கவே மாட்டா. அதுக்காக நான் உங்களைச் சும்மா விடவும் முடியாது. அதான், நீங்க ஏறுனதை எடுத்துக்கிட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு வயிறும் எரிந்தது. பொய் சொல்வானேன்?

திரும்பி வரும்போது, இந்த வயதில் மூன்று வளைவு என்பதே பெரிய விஷயம் என்று வழியெல்லாம் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். மூன்றுதான் என்று நானும் தலையாட்டினேன்.