என்ஜின்காரரின் முழங்கையில் கசிந்த டீசல்

வடிகால் என்ஜின் ஓட்டுபவருக்கு முழங்கையிலிருந்து டீசல் கசிய ஆரம்பித்தது மழைக்காலத்துக்குச் சற்று முன்னால். வேர்வை என்றுதான் அவர் மனைவி முதலில் நினைத்தாள். சட்டையை ஊறப்போட்ட வாளியில் தண்ணீரின் மேல் பல நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. எவ்வளவு அலசியும் போகவில்லை. பிறகு கழுத்தோரம் ஒரு துளி, கணுக்காலில் ஒரு துளி. வலி ஏதுமில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு தடுமாறி நின்று, ஒரு இருமலுக்குப் பிறகு மறுபடி ஓடும். மருத்துவர் நல்ல மனிதர். பஞ்சால் ஒற்றி முகர்ந்து பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். “இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாதும்மா. அடுப்புப் பக்கம் மட்டும் விடாதீங்க” என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு முன்னறைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவரோடு பேச வரும்போது சிகரெட்டை வாசலிலேயே அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

அந்தத் தெருக்கள் எல்லாமே ஆற்றைவிடத் தாழ்வானவை. சாக்கடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கடைசித் தெருவில் இருந்த தொட்டிக்கு வந்து சேரும்; அங்கிருந்து அந்தப் பழைய டீசல் என்ஜின்தான் அதை மேலே தூக்கி ஆற்றில் கொட்டியது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான் அதை ஓட்டினார். ஒரு முழு நாள் அதைவிட்டு அவர் எங்கும் போனதில்லை. தங்கையின் கணவர் இறந்தபோதும் போகவில்லை. அது அடைமழை வாரம். மனைவியை மட்டும் அனுப்பிவைத்தார். பிணத்தை எடுக்கும்வரை தங்கை வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. மேட்டுப் பகுதியில் பேருந்துப் பணிமனையில் டீசல் ஓடும் ரப்பர் குழாயை, அந்த ஹோஸை, மாற்றும் வேலை அவளுக்கு. ஹோஸை இறுக்கும் கிளிப்புகளை வளையல்போல மணிக்கட்டில் கோத்துக்கொண்டு திரிந்ததால் எல்லோருக்கும் அவள் கிளிப்பு.

ஒரு மதியம் சாப்பாடு கொண்டுபோன மனைவி என்ஜினைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். டீசல் ஹோஸ் வளையும் இடத்தில் ஒரு கசிவு. ஃபில்டரின் கழுத்தில் ஒரு கசிவு. டேங்குக்குக் கீழே ஒன்று. மூன்றும் கணவர் உடம்பில் அவளுக்குத் தெரிந்த இடங்கள். வளைவில் நெகிழ்ந்து தொங்கிய பழைய துணியை எடுத்துவிட்டு வேறொரு துணியை இறுகச் சுற்றினாள். சாயங்காலம் கணவரின் முழங்கை காய்ந்திருந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சேலையை மாற்றிக்கொண்டு பணிமனைக்குப் போனாள்.

கிளிப்பு ஒரு பேருந்துக்கு அடியில் கிடந்தாள். கால்கள் மட்டும் தெரிந்தன. மனைவி சொன்னதையெல்லாம் அந்தக் கால்கள் அசையாமல் கேட்டன.

“அவரு சொல்லி அனுப்பினாரா அண்ணி?”

“இல்ல. அவருக்குத் தெரியாது.”

“அன்னைக்கும் நீங்கதான் தனியா வந்தீங்க.”

“கோவத்த விடுன்னு நான் கேக்கல. அது உன்னோடவே இருக்கட்டும். ஓஸ மட்டும் மாத்திக் குடு.”

கால்கள் மடங்கின. கிளிப்பு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “எத்தன நாளா துணியச் சுத்தி ஓட்டுறாரு?”

“எனக்குத் தெரிஞ்சு எப்பவுமே அப்படித்தான்.”

“பாவி மனுஷன்” என்றாள் கிளிப்பு.

என்ஜின் கொட்டகைக்கு வந்தவள் அண்ணனைப் பார்க்கவில்லை, ஹோஸைப் பார்த்தாள். ரப்பர் காய்ந்து கட்டை போலாகியிருந்தது. லேசாக வளைத்தாலே வாய் பிளந்தது. பித்தளை நட்டுகளின் மரை தேய்ந்திருந்தது, செம்பு வாஷர்கள் நசுங்கித் தகடாகியிருந்தன. ஓட்டை வழியாக டீசல் வெளியே போனது மட்டுமல்ல, காற்றும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. “எல்லாத்தையும் மாத்தணும். அதுக்கு என்ஜின நிறுத்தணும்” என்றாள் சுவரைப் பார்த்து.

“நிறுத்தினா வீட்டுக்குள்ள தண்ணி வரும்” என்றார் அண்ணன்.

“உனக்கு என்ன ஆகும்னு கேக்குறேன்.”

அவருக்கும் அது தெரியவில்லை. “தெருவுல சொல்லிட்டு நிறுத்து” என்றார்.

மனைவி வீடு வீடாகச் சொன்னாள். யாரும் வாதாடவில்லை. துணிமூட்டைகள் கட்டில் மேல் ஏறின. தையற்காரர் மெஷினைத் தலையில் சுமந்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். என்ஜின்காரர் கொட்டகைப் பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கிளிப்பு லீவரை இழுத்தாள். என்ஜின் நின்றது, அவரும் நின்றார். மனைவி மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள், மூச்சில்லை. உடம்பு மட்டும் சூடாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பழகிய ஜனங்கள் அது இல்லாமல் போனதும் வாசலுக்கு வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாக்கடைகளின் வாயிலிருந்து தண்ணீர் மெல்ல மேலே வந்தது.

கிளிப்பு அவசரப்படவில்லை. புது ஹோஸை அளந்து, பிசிறில்லாமல் நேராக அறுத்து, உள்ளே தூசி இல்லாமல் ஊதிச் செருகினாள். தேய்ந்த நட்டுகளைக் கழற்றிப் புதியவற்றைப் போட்டாள். ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் புது வாஷர் வைத்து முடுக்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்து, முழங்காலைத் தொட்டபோது ஹோஸ் வேலை முடிந்தது. இனி உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அழுத்தினாள். நுரையாக டீசல் வந்தது. குமிழிகள் உடைந்தன. உடைந்த ஒவ்வொரு குமிழியிலும் அண்ணன் குரலில் ஒரு வார்த்தை இருந்தது.

“சட்டைய” என்றது முதல் குமிழி. “மாத்திட்டு” என்றது அடுத்தது. அவள் கை நின்றது. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் உதடுகள் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். கிளம்பிட்டேன். பாலம் வரைக்கும் வந்தேன். என்ஜின் சத்தம் மாறிச்சு. திரும்பிட்டேன். மாப்பிள்ளை முகத்தப் பாக்கல. அதற்குப் பிறகு வார்த்தைகள் வரவில்லை. வயதான ஆண் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம் மட்டும், சிறுசிறு குமிழிகளாக, வெகுநேரம் வந்தது. அதையும் அவள் கடைசிவரை வெளியேற்றினாள். தண்ணீரில் மண்டியிட்டு அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகக் குமிழியே இல்லாமல், தேன் நிறத்தில் சுத்தமான டீசல் வழிந்தது. திருகை முடுக்கினாள்.

“கேட்டுட்டேன்” என்றாள்.

இரண்டு பெண்களும் கைப்பிடியைச் சேர்ந்து பிடித்துச் சுழற்றினார்கள். என்ஜின் ஒருமுறை உதறி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. பெஞ்சில் இருந்தவர் இருமினார்.

“தண்ணி எவ்ளோ வந்திருக்கு?”

“முட்டி வரைக்கும். பேசாம படு” என்றாள் தங்கை. அவள் அழுதிருந்தது தெரிந்தது.

அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கிளிப்பு வந்து ஹோஸ் மாற்றினாள். அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். வந்தவள் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, அண்ணியோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். சில வருடங்களில் நகராட்சி மின்சார மோட்டார் கொண்டுவந்தது. பழைய என்ஜினை எடைக்குப் போடலாம் என்று எழுந்த பேச்சு, எழுந்த வேகத்திலேயே அடங்கியது. தெருக்காரர்கள் உருளைக் கட்டைகளை அடியில் கொடுத்து அதைத் தள்ளிக்கொண்டு வந்து, என்ஜின்காரர் வீட்டின் பின்னறையில் தளம் போட்டு இறக்கினார்கள். புகைக்குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்டார்கள். எந்தத் தண்ணீரையும் இறைக்காமல், மிக மெதுவாக, சீராக அது ஓடிக்கொண்டிருக்கிறது. மதியத்தில் அந்தத் தெருவுக்குப் புதிதாக வருபவர்கள் சுவர் அதிர்வதைக் கேட்டு என்ன சத்தம் என்று விசாரிப்பதுண்டு. துணி காயப்போடும் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்கள்: “எங்க என்ஜின்காரரு தூங்குறாரு. மெதுவாப் பேசுங்க.”