ஜன்னல் வைத்த அறை

பிசேரா மூன்று வாரமாகத் தேடினாள். கனெல்லி ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் தங்குகிற இடத்துக்கா பஞ்சம்? ஒயின் குடிக்க வருகிறவர்களுக்காக மாட்டுக்கொட்டகை, வைக்கோல் கிடங்கு என்று கூரை உள்ள எல்லாவற்றையும் வெள்ளையடித்து அறையாக்கி வைத்திருந்தார்கள். வேலை பார்க்கிற பாட்டில் நிரப்பும் ஆலையிலிருந்து வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். ஒரு இடத்தில் நீச்சல்குளத்துத் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. இன்னொன்றில் படிகள் அதிகம், அப்பாவின் முழங்கால் தாங்காது.

மாசிடோனியாவிலிருந்து அப்பாவும் அம்மாவும் அவளைப் பார்க்க வருகிறார்கள். அம்மா மென்காவுக்கு இதுதான் முதல் பயணம். அப்பா ஸ்பாசேக்கு அப்படியில்லை. பிசேரா பள்ளிக்கூடம் போன நாட்களில் ஆறு வருடம், செப்டம்பர் வந்தால் திராட்சை பறிக்க இந்த மலைக்குத்தான் வருவார். கூலியாக வந்த மனிதர் ஒரு தடவையாவது இங்கே விருந்தாளியாகப் படுத்து எழுந்திருக்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

அத்தை தோஸ்தாவுக்கு அது பொறுக்கவில்லை. கனெல்லியிலேயே வீடு வைத்திருக்கிறவள்.

"ஏன்டி, எங்கண்ணன் படுக்க என் வீட்டுல எடமில்லையா? கூடப் பொறந்தவ இருக்கறப்போ காசு குடுத்துத் தூங்குறான்னா ஊர்ல என்ன பேசுவாங்க? நான் செத்துட்டேன்னு நெனைக்க மாட்டாங்க?"

"ரெண்டு ராத்திரிதான் அத்தை. அப்புறம் உங்க வீட்டுக்குத்தான்."

"அப்புறம் எதுக்கு? அங்கேயே வச்சுக்கோ உன் மகாராஜாவை."

அத்தை போனை வைத்துவிட்டாள். வருத்தமாக இருந்தாலும் பிசேரா மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்த இடம் அதற்குள் கிடைத்துவிட்டது. அப்பா வேலை பார்த்த அதே எத்தோரே தோட்டம். கிழவர் எத்தோரே போய்விட்டார். அவர் மகள் ஓர்னெல்லா அறைகள் வாடகைக்கு விடுகிறாள். தங்கிப் போனவர்கள் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். ஆனால் பிசேரா நம்பியது அவர்களை அல்ல, அப்பாவை. ஒவ்வொரு செப்டம்பரிலும் போனில் அவர் சொல்வது அவளுக்கு மனப்பாடம். "மலை மேல ரூம். பெரிய ஜன்னல். கண்ணு முழிச்சா திராட்சைத் தோட்டந்தான். மொதலாளி புள்ள மாதிரி பாத்துக்கறாரு."

அந்த ஜன்னலை வைத்தே அம்மா அவரை வறுத்தெடுத்தாள். "நீ அங்க ஜன்னலோரம் காலை நீட்டிப் படு. நான் இங்க பொகையில சாவுறேன்." கடைசியில் ஒரு குளிர்காலத்தில் அவர் சமையலறைச் சுவரை இடித்து, ஊரிலேயே பெரிய ஜன்னல் ஒன்று வைத்துக்கொடுத்தார். அதற்குப் பிறகும் அவள் வாய் ஓயவில்லை.

ஆகஸ்ட் மாதம் வந்தார்கள். எங்கே போகிறோம் என்று பிசேரா சொல்லவில்லை. காரில் அப்பா பேசிக்கொண்டே வந்தார். அண்ணன் மகன் மித்தேக்கு இன்னும் வேலை அமையவில்லை, பெண்டாட்டி வேறு மாசமாக இருக்கிறாள், இங்கே ஏதாவது இருந்தால் பார். மேட்டில் கார் திரும்பியதும் பேச்சு நின்றது.

"தெரியுதாப்பா?"

"தெரியுது."

ஓர்னெல்லா சிரித்தபடி வந்து கதவைத் திறந்தாள். வெள்ளைப் படுக்கை, மேசையில் குளிர்ந்த ஒயின். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் வரிசை வரிசையாகக் கொடிகள். அம்மா நேராக அங்கே போய் நின்றாள்.

"இதா மனுஷா, நீ சொன்ன ஜன்னல்?"

"இந்த ரூம்தான்," என்றார் அப்பா. அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று நிலைக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே துருப்பிடித்த ஆணி ஒன்று இருந்தது. பழமைக்கு அழகு என்று விட்டுவைத்திருப்பார்கள்.

ஓர்னெல்லா எல்லோருக்கும் சொல்வதை இவர்களுக்கும் தன் மொழியில் சொன்னாள். "தாத்தா காலத்துல கழுதை கட்டுன எடம் இது. அப்புறம் சும்மா பூட்டிக் கெடந்துச்சு. நாலு வருஷம் முன்னாடிதான் செவரை ஒடைச்சு ஜன்னல் வச்சோம். அதுக்கு முன்னாடி காத்துக்குக் கைய விடுற அளவு ஒரு ஓட்டைதான்."

பிசேரா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. வாங்கன்னு சொல்றாங்க."

"அவ்வளவு நீளமாவா?"

அப்பா திரும்பாமலே சொன்னார். "உள்ளத சொல்லு."

பிசேரா சொன்னாள். ஓர்னெல்லா சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றாள்.

"எத்தன பேரு?"

"பதினோரு பேரு."

"நீ எங்க படுத்த?"

"கதவோரம். காத்து வரும். அதான் நல்ல எடம். அதுக்கே சண்டை போடுவோம்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "கழுதை படுத்த எடத்துக்குக் கழுதையோட பொண்டாட்டியும் வந்து சேந்துட்டா."

"வாங்க, அத்தை வீட்டுக்குப் போயிரலாம்," என்றாள் பிசேரா.

"காசு கட்டிட்ட இல்ல? படுப்போம்," என்றார் அப்பா. "ஆறு வருஷம் படுத்தவனுக்கு ரெண்டு நாள் கஷ்டமா?"

மறுநாள் காலை அத்திமரத்தடியில் சாப்பாடு வைத்தார்கள். ஓர்னெல்லா தன் கையாலேயே காபி ஊற்றினாள். அப்பா நன்றி சொன்ன உச்சரிப்பைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது.

"மாசிடோனியாவா நீங்க? நல்லதாப் போச்சு. இந்த வருஷம் பறிக்க ஆள் கொறையுது. தெரிஞ்ச பசங்க இருந்தா சொல்லுங்க. படுக்க எடம் நாங்களே தர்றோம்." சரிவுக்குக் கீழே, டிராக்டர் நிற்கும் தகரக் கொட்டகையைக் கரண்டியால் காட்டினாள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள். "ஜன்னல் இருக்கான்னு கேளு."

பிசேரா கேட்டாள்.

"ஜன்னலா?" ஓர்னெல்லா சிரித்தாள். "அசந்து போய் வந்து விழுவாங்க. தூங்குறவனுக்கு ஜன்னல் எதுக்கு?"

அவள் அடுத்த மேசைக்குப் போனாள். அப்பா காபியைக் குடித்து முடித்தார், வாயைத் துடைத்தார், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்பா, வேண்டாம்."

"வேற என்ன வச்சிருக்க நீ அவனுக்கு?"

அவனுக்காகப் பிசேரா ஆலையில் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"மித்தே, நான்தான்டா. வேலை இருக்கு, கெளம்பி வா," என்றார் அப்பா. அந்தப் பக்கம் மித்தேயின் பெண்டாட்டி ஏதோ கேட்பது மெல்லக் கேட்டது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட சொல்லு, பயப்பட வேண்டாம்னு. மலை மேல ரூம். பெரிய ஜன்னல். நான் இப்போ அது பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."