நானூற்றுப் பன்னிரண்டு முறை அம்மா

கம்ப்யூட்டர் அறையின் சுவரில் பெரிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ‘இது மகனின் கதை அல்ல. மகன் பெயர் 296 முறை. அம்மா 412 முறை.’ நூறாண்டுப் பழைய நாவல் ஒன்றின் சொற்களை, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பத்தொன்பது பேர் தாங்களே எழுதிய புரோகிராமால் எண்ணிக் கண்டுபிடித்தது அது. பதினொரு மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். அவர் சம்மதித்தால், கம்ப்யூட்டரை வைத்து இலக்கியம் படிக்கும் இந்த வகுப்பு அடுத்த ஆண்டும் வாரம் இரண்டு பீரியட் நடக்கும். இல்லையென்றால் இன்றோடு சரி.

இலக்கிய ஆசிரியை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இன்னும் இரண்டு கட்டு பாக்கி.

“டீச்சர்.” வாய்க்குள்ளேயே பேசுவதால் வகுப்பில் ‘முனகல்’ என்று பெயர் வாங்கியவள் பக்கத்தில் நின்றாள். “அந்த அம்மா நாப்பதாம் பக்கத்துலயே செத்துடுறாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“புக்கைப் படிச்சேன்.” குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள்.

“நாங்க இங்க புரோகிராமோட மல்லுக்கட்டுறோம், மேடம் உட்கார்ந்து கதை படிச்சிருக்காங்க!” என்றான் லூப்பு. முதல் மாதம் அவன் எழுதிய புரோகிராம் நிற்காமல் சுற்றி எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கியதால் வந்த பெயர் அது. “ஏன், செத்தவங்களப் பத்திப் பேசக் கூடாதா?”

“பேசலாம்டா. நானூறு தடவையா? அவன் ஊரை விட்டே போயிடுறான். அப்புறம் அம்மா நினைப்பே அவனுக்கு வரல.”

ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தச் சொல் வர்ற வரியெல்லாம் திரையில காட்டு.”

லூப்பு காட்டினான். வரிசையாக ஒரே வரி: நாவலின் தலைப்பு, பக்க எண். தலைப்பு, பக்க எண். தலைப்பில் அம்மா என்ற சொல் இருந்தது. பழைய பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தலைப்பை அச்சிட்டிருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது முந்நூற்று எண்பத்தொரு பக்கங்களின் தலைப்பும் கதைக்குள் புகுந்துவிட்டது. கழித்தால் மிச்சம் முப்பத்தொன்று.

அதையெல்லாம் நீக்கித் தருவதாகச் சொல்லி ஃபைலை வாங்கிப் போனவர் ஆசிரியைதான். விடைத்தாள் திருத்தியபடியே ஒரு கையால் திரையை உருட்டிவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். நாவலைப் படித்து இருபது வருடம் ஆகியிருந்தது.

“பரவாயில்ல டீச்சர், அவர் என்ன எண்ணியா பார்க்கப் போறாரு?” என்றான் லூப்பு.

ஆசிரியை எழுந்து சுவரருகே போனார். தாளைக் கிழிக்க உடம்பில் தெம்பில்லை. 412 மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 31 என்று எழுதினார்.

அதிகாரியை அழைத்துவந்த தலைமை ஆசிரியர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். ஆசிரியை நடந்ததைச் சொன்னார். தவறு தன்னுடையது என்றும் சொன்னார்.

அதிகாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். “அப்போ இது மகனோட கதைதான்?”

“ஆமா சார்.”

“அதைச் சொல்ல கம்ப்யூட்டர் எதுக்கும்மா?”

“கம்ப்யூட்டர் எண்ணினது தப்புன்னு ஒரு பொண்ணு படிச்சுக் கண்டுபிடிச்சா சார். என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்.”

அவர் படிவத்தில் ஏதோ எழுதினார். பத்தே நிமிடத்தில் போய்விட்டார். திரும்பிவந்த தலைமை ஆசிரியர் வாசலிலேயே நின்றார். “அடுத்த வருஷம் ஒரே பீரியட். அதுவும் ஸ்கூல் விட்ட பிறகு. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ரெண்டும் கிடைச்சிருக்கும் டீச்சர்.”

“கிடைச்சிருக்கும் சார்.”

அவர் போனதும் யாரும் முனகலைப் பார்க்கவில்லை. அவள் பையின் பட்டையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

லூப்புதான் முதலில் வாயைத் திறந்தான். “சரி, எங்க பொழப்பைக் கெடுத்தாச்சு. அதையாவது சொல்லு. அந்த அம்மா எப்படிச் செத்தாங்க?”

“ஏன், நீ படியேன்.”

“முந்நூத்து எண்பத்தொரு பக்கமா! சொல்லுடீ.”

முனகல் யோசித்தாள். ஆசிரியை விடைத்தாள் கட்டை அவிழ்த்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். நாவலில் அந்த அம்மா எப்படி இறந்தாள் என்பது அவருக்கும் நினைவில்லை. முதல் தாளில் பேனாவை வைத்தபடியே, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.