ஆறு நாள் மூச்சு

சூரன்போருக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கோயிலுக்குப் பின்னால் கார் விடும் வெளியில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சூரனின் பெரிய சிலையை இன்னும் வெளியே எடுக்கவில்லை. நீண்ட தண்டுகளின் மேல் மணல் மூட்டைகளைக் கட்டி, அதைப் பதினாறு பேர் தோளில் காவிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினார்கள்.

முன் தண்டின் வலது பக்கம் நித்தியானந்தனுடையது. ஒன்பது வருடமாக அந்த இடத்தில் வேறு யாரும் நின்றதில்லை. முன்னால் நிற்பவன் தோளை எப்படி அசைக்கிறானோ அப்படித்தான் சூரன் தலையாட்டுவான், சீறுவான், முருகனைப் பார்த்துச் சிரிப்பான். நாற்பத்துநாலு வயது, லண்டனில் பஸ் ஓட்டுகிறவன், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் குடியிருக்கிறவன். ஆனால் ஐப்பசி வந்தால் அந்தப் பகுதித் தமிழ்ச் சனத்துக்கு அவன் 'சூரன் காவுற நித்தி'. அந்தப் பெயரைக் கேட்கும்போது அவன் தன்னையறியாமல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வான்.

இரண்டாவது சுற்றில் அவனுடைய நெஞ்சு இறுகியது. உள்ளே மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அடுத்த அடி எடுத்து வைக்க ஏலாமல் இருந்தது.

"ஐயோ, இறக்குங்கோ! என்ர முழங்கால்!" என்று அவனுக்குப் பின்னால் நின்ற வைத்தியநாதன் கத்தினார்.

எல்லோரும் தண்டை இறக்கினார்கள். நித்தியானந்தன் குனிந்து நின்று இருமினான்.

"வைத்தி அண்ணை, இது மூண்டாம் தரம். உங்கட முழங்காலுக்கு வேற ஆளைப் பிடிக்கோணும்," என்று யாரோ சொன்னார்கள்.

"பிடியுங்கோ. ஆனா என்ர அளவுக்கு வடிவான முழங்காலாப் பாத்துப் பிடியுங்கோ."

சிரிப்பு அடங்கியபோது, சூரன் காவும் அணிக்குப் பொறுப்பான இராஜேந்திரன் நித்தியானந்தனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நித்தி, குறை நினையாதை. முன்னுக்கு நிக்கிறவன் இருமி மடங்கினால் சூரன் சனத்துக்கு மேல சரியும். முன் வரிசையில சின்னப் பிள்ளையள் நிப்பினம். சூரன்போர் அண்டைக்கு உன்ர மூச்சைப் பாத்துத்தான் உன்னை முன்னுக்கு விடுறதோ எண்டு சொல்லுவன்."

"ஓம் அண்ணை," என்றான் நித்தியானந்தன். அதற்கு மேல் சொல்ல அவனிடம் மூச்சு இருக்கவில்லை.

இருமல் தொடங்கியது ஆடி மாதத்தில். அந்தக் கிழமைதான் அவனுடைய மனைவி பிறேமினியின் தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து புதுச் சாம்பிராணி கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் தூபக்காலில் தணல் போட்டு அறை அறையாகப் புகை காட்டியபோது இவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தான்.

"இந்தச் சாம்பிராணிதான் எனக்கு ஒத்துக்கொள்ளேல்லைப் போல," என்றான்.

பிறேமினி அன்றோடு சாம்பிராணி காட்டுவதை நிறுத்தினாள். கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து அவள் விடாமல் செய்துவந்த காரியம் அது. தூபக்காலைக் கழுவித் துடைத்து, பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். மிளகாய் வறுக்கும்போது அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். குளிர் தொடங்கிய பிறகும் ஜக்கெற் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று வறுத்தாள். அப்படியிருந்தும் இருமல் விடவில்லை.

வைத்தியரிடம் போனான். அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "நீங்கள் புகைக்கிறீர்களா..." என்று கேட்கத் தொடங்க, அவர் முடிப்பதற்குள்ளேயே அவன் மறுமொழி சொல்லிவிட்டான்.

"இல்லை. மூன்று வருடமாயிற்று. அடியோடு விட்டுவிட்டேன்."

அது பொய்யல்ல. இருபது வருடம் பிடித்த சிகரெட்டை ஒரு கந்தசஷ்டியில் முருகனுக்கு நேர்ந்து விட்டிருந்தான். அதன் பிறகு வேப் என்கிற மின்சிகரெட் மட்டும்தான். டிப்போவில் இடைவேளை கிடைக்கும்போது நாலு இழுவை, வீட்டில் பின்வளவில் நாலு இழுவை. அது புகையல்ல, வெறும் ஆவி என்பது அவன் எண்ணம். பிறேமினிக்கும் அதுதான் எண்ணம். "இவர் சிகரெட்டை விட்டிட்டார்," என்று அவள் சலூனில் சொல்வாள், மரக்கறிக் கடையில் சொல்வாள், ஒருநாள் கோயில் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு குஜராத்திப் பெண்ணிடமும் சொன்னாள். இரண்டு பேருக்கும் அவ்வளவு பெருமையான விஷயத்தில் யார்தான் பிழை தேடுவார்கள்?

வைத்தியர் வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்தால் ஒரு மணித்தியாலம் சுகம். பஸ் கடைசித் தரிப்பிடத்துக்கு வந்ததும் மேல்தட்டுக்கு ஏறி, யாராவது நித்திரையாகிக் கிடக்கிறார்களா, பையை விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த ஏழெட்டுப் படியும் அவனுக்கு மலையாக இருந்தன.

கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல்நாள் வைத்தியநாதன் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் அதே டிப்போவில்தான் வேலை.

"இந்தமுறை ஆறு நாளும் முழு விரதம் பிடிக்கப்போறன்," என்றான் நித்தியானந்தன். "எப்பவும் கடைசி நாள் மட்டும்தான் பிடிக்கிறனான். முருகன்தான் என்ர மூச்சைத் தரோணும்."

"அப்ப வேப்?" என்று கேட்டாள் பிறேமினி.

"அது சாப்பாடோ பிறேமி?"

"அதில என்ன வாசம் நித்தி?" என்றார் வைத்தியநாதன்.

"மாம்பழம். ஆடியில இருந்து அதுதான் பாவிக்கிறன். அப்பிடியே எங்கட ஊர்க் கறுத்தக்கொழும்பான் அண்ணை."

"அப்ப பிரச்சினை இல்லை. விரதத்துக்குப் பழம் எடுக்கலாம்தானே!"

வைத்தியநாதன் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறேமினி சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, மாம்பழம் கிடைக்கேல்லை எண்டு முருகன் தாய் தேப்பனையே விட்டிட்டு மலைக்குப் போனவர். அவருக்கு விரதம் பிடிக்கிற நீங்கள், ஒரு மாம்பழத்தை ஆறு நாளைக்கு விட மாட்டியளோ?"

நித்தியானந்தன் எழுந்தான். சட்டைப் பையில் இருந்த வேப்பை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதை அலுமாரிக்கு மேலே, தூபக்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பம்ப்பைத் தாங்கோ எண்டு கேக்க மாட்டன்," என்றாள். "மருந்துக்கு விரதம் இல்லை."

முதல் இரண்டு நாளும் பசியைவிட வேப் இல்லாத தவிப்பு, அந்த அந்தரம்தான் அவனை வாட்டியது. தலை இடித்தது. ஒரு பயணி நேரம் கேட்டதற்குக்கூட எரிந்து விழப் பார்த்தான். டிப்போ இடைவேளைகளில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அந்த நேரம் பார்த்து வைத்தியநாதன் எங்கிருந்தோ வந்துவிடுவார். தன் முழங்காலைப் பற்றி, மருமகன் வாங்கிய பழுதான காரைப் பற்றி, எதையாவது பேசிக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பார். இடைவேளை முடியும் மட்டும் போகமாட்டார். அவருடைய இடைவேளை வேறு நேரம் என்பது நித்தியானந்தனுக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது.

நாலாம் நாள் கடைசித் தரிப்பிடத்தில் மேல்தட்டுக்கு ஏறி, யாரோ விட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஆசனத்தில் வந்து இருந்த பிறகுதான், ஏறியதே தெரியாமல் ஏறியிருக்கிறோம் என்று உணர்ந்தான். முருகா என்று கண்ணை மூடினான்.

ஐந்தாம் நாள் பின்னேரப் பூசை. கோயில் நிறைந்த சனம். தீபாராதனை முடிந்து குருக்கள் தூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இடம் விட்டு ஒதுங்க வழியில்லாமல் நித்தியானந்தன் அதன் நடுவிலேயே நின்றான். கர்ப்பூரம், நெய்விளக்கு, சாம்பிராணி எல்லாப் புகையும் அவன் முகத்தில் வந்து மோதின. இருமல் வரப்போகிறது என்று கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்தினான்.

இருமல் வரவில்லை.

கைக்குட்டையை மெல்ல எடுத்தான். ஒரு மூச்சு இழுத்தான். இன்னொன்று ஆழமாக இழுத்தான். கண் எரிந்ததே தவிர நெஞ்சு இறுகவில்லை.

அப்படியென்றால் சாம்பிராணி அல்ல. இந்த ஐந்து நாளில் சோற்றைத் தவிர அவன் விட்டது ஒன்றே ஒன்றுதான். இருமல் தொடங்கிய ஆடி மாதத்தில்தான் அந்த மாம்பழ வாசமும் வீட்டுக்குள் வந்தது.

பெண்கள் பக்கத்தில் பிறேமினி கை கூப்பி நின்றாள். வீட்டில் காட்ட முடியாத சாம்பிராணிப் புகையை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அவளிடம் சொன்னான்.

"பிறேமி, உம்முடைய சாம்பிராணியில ஒரு பிழையும் இல்லை. என்ர வேப்தான்."

அவள் நின்றுவிட்டாள். "சிகரெட்டை விட்டதுக்கல்லோ அதைப் பிடிச்சனீங்கள்?"

"ஓம். அதாலதான் அதில எனக்குச் சந்தேகமே வரேல்லை. மூண்டு மாசமா உம்மை வெளியில நிண்டு மிளகாய் வறுக்க வைச்சிட்டன், குளிருக்குள்ளயும்."

"மிளகாயை விடுங்கோ," என்றாள் அவள். "நாளைக்கு விடிய மருந்துக்கடைப் பிள்ளையிட்டக் கேப்பம்."

மருந்துக்கடையில் பிரசாந்தினி என்ற மருந்தாளர் இருந்தாள். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"வேப் திரவத்தில நிக்கொட்டின் மட்டும் இல்லை, அங்கிள். கொழகொழ எண்டு ரெண்டு திரவம் கலந்திருக்கும், பிறகு வாசத்துக்கு எண்டு சில சாமான் போடுவினம். சில பேருக்கு அதில ஏதோ ஒண்டு ஒத்துக்கொள்ளாது. தொண்டை வறளும், இருமும், மூச்சு முட்டி இழுக்கும். உங்களுக்கு எது எண்டு நான் இதில நிண்டு சொல்ல ஏலாது. டொக்டரிட்டப் போய், வேப் பாவிச்சனான் எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. அந்தரம் தாங்காட்டி தோலில ஒட்டுற நிக்கொட்டின் பட்ச் இருக்கு, தாறன்." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா சிகரெட்டுக்கு மட்டும் திரும்பிப் போயிடாதேங்கோ. அதை விட்டது பெரிய காரியம்."

வாசலுக்கு வந்ததும் பிறேமினி, "கேட்டியளோ? பெரிய காரியமாம்," என்றாள்.

சூரன்போர் அன்று நாலு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கோயில் முன்றலில் கயிறு கட்டி, மஞ்சள் அங்கி போட்ட தொண்டர்கள் நின்றார்கள். சூரன் புதுச் சாயத்தில் பளபளத்துக்கொண்டு வெளியே வந்திருந்தான். நித்தியானந்தன் நேரே இராஜேந்திரனிடம் போனான்.

"அண்ணை, ஒரு விஷயம். மூண்டு மாசமா என்னை இருமப் பண்ணினது என்ர வேப்தான். ஆறு நாளா விட்டிட்டன். இப்ப மூச்சு வருது. பாருங்கோ. சரி எண்டால் முன்னுக்கு விடுங்கோ. இல்லையெண்டால் பின்னுக்கு நிண்டு காவுறன்."

அதை எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான். யாரோ ஒருவன் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது தெரிந்தது.

"வாசலடி வரைக்கும் போய் வா. ரெண்டு தரம். ஓட்டமாய்," என்றார் இராஜேந்திரன்.

அவன் ஓடினான். திரும்பி வந்து நின்றபோது மூச்சு வாங்கியது, ஆனால் அது ஓடினவனுக்கு வாங்கும் மூச்சு. விசில் இல்லை. இராஜேந்திரன் அவனுடைய நெஞ்சுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு முன் தண்டின் வலது பக்கத்தைக் கையால் காட்டினார்.

தலையை மாற்ற மாற்ற, யானைமுகம் போனது, சிங்கமுகம் போனது. சூரன் தன் சொந்த முகத்தோடு வந்து நின்று முருகனைப் பார்த்து ஆடினான். நித்தியானந்தனின் தோள் அசைய அசைய, அந்தப் பெரிய தலை அசைந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நாலாவது ஓட்டத்தில் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"இறக்குங்கோ, என்ர முழங்கால்!"

நித்தியானந்தன் திரும்பாமலே கத்தினான்.

"வைத்தி அண்ணை! உங்கட முழங்காலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத் தெரியும். நான் ஓடுவன்!"

"அப்ப ஓடடாப்பா," என்றார் வைத்தியநாதன். "நான் இவ்வளவு நாளும் சும்மா நொண்டினதுதான் மிச்சம்!"

பதினாறு பேரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அரோகரா என்ற சத்தம் முன்றலை நிறைத்தது. கடைசியில் சூரன் மாமரமாக நின்றான். மாவிலைக் கொத்துகள் நித்தியானந்தனின் நெற்றியில் உரசின. மாமரமாக ஒளிந்து நிற்பவனை முருகன் எப்படிக் கண்டுபிடித்தார் என்று சின்ன வயதில் அவன் கேட்டதுண்டு. இன்று கேட்கவில்லை. வேல் வந்து தொட்டபோது தண்டை நேராகப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் தாழ்த்தினான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிறேமினி பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்கு முன்பின் தெரியாது.

"முன்னுக்கு, வலது பக்கம் நிக்கிறார், பாத்தீங்களோ? என்ர மனுசன். சிகரெட்டை விட்டு மூண்டு வருசம். வேப்பை விட்டு ஆறு நாள்."

"அப்பிடியோ!" என்றாள் அந்தப் பெண்.

"ஓம். முழுசா ஆறு நாள்."

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நித்தியானந்தன் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து தூபக்காலை எடுத்தான். பக்கத்தில் கிடந்த வேப்பையும் எடுத்தான். மருந்துக்கடையில் இப்படியானவற்றைப் போட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நாளைக்குக் கொண்டுபோகவென்று அதை ஒரு பைக்குள் போட்டுக் கட்டினான். வைத்தியரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் எடுத்திருந்தான். கையில் ஒரு பட்ச் ஒட்டியிருந்தது.

தணலை அவனே போட்டான். பிறேமினி சாம்பிராணியைத் தூவினாள். புகை எழுந்து சாமி அறையைச் சுற்றிவிட்டு அவனிடம் வந்தது.

"இருமல் வருதோ?" என்று கேட்டாள்.

"இல்லை. கண் மட்டும் எரியுது."

"அது எல்லாருக்கும் எரியும்," என்றாள் பிறேமினி. தூபக்காலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.